எல்லை கடந்த குழந்தைகள்

அயல்நாட்டில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், புருஷனுக்கும் மனைவிக்கும் மனஸ்தாபம் முற்றி, இருவரில் ஒருவர் குழந்தையை அழைத்துக்கொண்டு தாய்நாட்டுக்கு விமானம் ஏறிவிடுவது இப்பொழுது அபூர்வமான சம்பவமாக இல்லை. வந்தவர் இங்கே குடும்பக் கோர்ட்டில் மனுப் போடுகிறார். அங்கே தங்கியவர் அந்நாட்டுக் கோர்ட்டில் மனுப் போடுகிறார். குழந்தையை உடனே திருப்பி அனுப்ப வேண்டுமென்று அந்தக் கோர்ட்டு உத்தரவிடுகிறது; குழந்தை இங்கேயே இருக்கலாமென்று இந்தக் கோர்ட்டு உத்தரவிடுகிறது. இரண்டு உத்தரவுகளும் சட்டப்படி சரியானவையே. ஆனால் குழந்தை ஒன்றுதான். அதை இரண்டாகப் பங்கு போட எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

இத்தகைய வழக்குகளை இந்தியா எப்படித் தீர்க்கப் போகிறது என்பது சர்க்கார் முன்னிலையில் பல ஆண்டுகளாகத் தீராத பிரச்னையாகக் கிடக்கிறது. இது வக்கீல்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று பொது ஊழியர்கள் ஒதுக்கிவிடுவது தவறு. தேசத்தின் மானமும், நம் பெண்களின் பாதுகாப்பும், வாய் திறந்து முறையிட முடியாத சிறு குழந்தைகளின் க்ஷேமமும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே இதை விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1980-ம் வருஷம் அக்டோபர் மாதம் 25-ந் தேதி ஹாலந்து தேசத்து ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. 1983-ம் வருஷம் டிசம்பர் மாதம் அது அமலுக்கு வந்தது. அதன் சாரம் எளிது. பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தையை, அது வழக்கமாக வசித்து வரும் நாட்டிலிருந்து, மற்றவருடைய உரிமைக்கு விரோதமாக ஒருவர் கொண்டுபோய் விட்டால், ஓராண்டுக்குள் மனுச் செய்யப்படுமாயின், குழந்தை போய்ச் சேர்ந்த நாட்டுக் கோர்ட்டு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். குழந்தை யாரிடம் வளர வேண்டுமென்ற வழக்கை அது விசாரிக்கக் கூடாது. அவ்வழக்கு குழந்தையின் சொந்த இருப்பிடத்தில்தான் நடைபெற வேண்டும். திருப்பி அனுப்பினால் குழந்தைக்குப் பெருந்தீங்கு நேரும் என்று ருஜுவானால் அனுப்ப மறுக்கலாம். தக்க வயதும் அறிவும் வந்த குழந்தை போக மாட்டேனென்று சொன்னாலும் மறுக்கலாம். ஆறு வாரங்களுக்குள் தீர்மானிக்காவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கவும் இடமுண்டு. நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் இந்த உடன்படிக்கையில் சேர்ந்திருக்கின்றன. நமது அண்டை நாடான இலங்கை 2001-ம் வருஷத்திலும், சிங்கப்பூர் 2010-லும், நெடுங்காலம் தயங்கிய ஜப்பான் 2014-லும், பாகிஸ்தான் 2016-லும் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை.

சேராமல் இருப்பதால் நம் கோர்ட்டுகள் இதுகாறும் என்ன செய்து வந்திருக்கின்றன? 1984-ல் இங்கிலாந்திலிருந்து தகப்பன் தூக்கி வந்த பையனைப் பற்றிய வழக்கில், பிரதம நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், அக்குடும்பம் வாழ்ந்த நாட்டுக் கோர்ட்டுக்கே விசாரிக்கும் உரிமை உண்டென்று கூறிக் குழந்தையைத் தாயாரிடம் ஒப்புவித்தார். 1997-ல் அதே சுப்ரீம் கோர்ட், அந்நியக் கோர்ட்டின் உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்றே தவிர முடிவானதன்று என்று கூறியது. 2009-ல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தையை அங்கேயே திருப்பிக் கொண்டுபோக உத்தரவிட்டது. 2015-ல், தமிழ்நாட்டிலிருந்தே எழுந்த ஒரு வழக்கில், இங்கிலாந்துக் கோர்ட்டு முந்திக் கொண்டு உத்தரவிட்டிருப்பதால் அதற்கே மதிப்பளிக்க வேண்டுமென்று இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 2017 ஜூலையில், மூன்று நீதிபதிகள் கூடி, ‘முந்திய உத்தரவு’ என்ற அந்தத் தத்துவத்தை ஒப்ப மறுத்து, குழந்தையின் நலமே எல்லாவற்றிற்கும் மேலானதென்று சொல்லிக் குழந்தையைத் தாயாரிடமே இந்தியாவில் இருக்க விட்டார்கள். 2020-லும் 2022-லும் வந்த தீர்ப்புகளில் மறுபடியும் குழந்தையை அயல்நாட்டுக்கு அனுப்பும் உத்தரவுகள் பிறந்தன.

இந்தத் தீர்ப்புகளில் ஒவ்வொன்றும் அந்தந்தக் குழந்தையின் நிலைமையைப் பார்த்துச் செய்யப்பட்டது. நீதிபதிகளின் கருணையையோ அறிவையோ நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு தாயார் சென்னையிலுள்ள தம் வக்கீலிடம் போய், “ஐயா, சட்டம் என்ன சொல்லுகிறது?” என்று கேட்டால், “எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறதோ அதைப் பொறுத்தது, அம்மா” என்பதைத் தவிர வேறு பதில் அவர் கூற முடியாது. தீர்ப்பு இன்னபடி இருக்குமென்று யாரும் முன்கூட்டி அறிய முடியாத இடத்தில், இரு தரப்பாரும் கடைசிக் கோர்ட்டு வரையில் போராடித்தான் தீருவார்கள்.

அப்படிப் போராடும் காலத்தில் குழந்தையின் கதி என்ன? மேலே கூறிய 2009-ம் வருஷத்து வழக்கை எடுத்துக்கொள்வோம். 2007-ல் தகப்பன் மனுச் செய்தார். குழந்தையைக் கண்டுபிடித்துக் கொண்டுவரும்படி மத்தியப் புலனாய்வு இலாகாவுக்கே உத்தரவிட வேண்டியதாயிற்று. இரண்டாண்டுக்கு மேல் கழிந்த பிறகு குழந்தை சென்னையில் இருப்பது தெரிந்தது. பெரியவர்களுக்கு இரண்டாண்டு ஒரு வாய்தாவுக்கும் மறு வாய்தாவுக்கும் நடுவே ஓடிவிடுகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கோ அது பாதி ஆயுள். அந்த இடைவெளியில் அது ஒரு பாஷையை மறந்து வேறொரு பாஷையைக் கற்கிறது; ஒரு முகத்தை மறந்து வேறொரு முகத்துடன் ஒட்டிக் கொள்கிறது. பிறகு கோர்ட்டு எந்தப் பக்கம் தீர்ப்பளித்தாலும், குழந்தையை வேருடன் பிடுங்கித்தான் தீர்ப்பை நிறைவேற்ற முடிகிறது. வழக்கில் தாமதமே ஒரு தீர்ப்பாகி விடுகிறது.

உடன்படிக்கையில் சேரக் கூடாதென்று சொல்லுவோர் இரண்டு ஆக்ஷேபங்களைக் கூறுகிறார்கள். முதலாவது, அந்நியக் கோர்ட்டுகளின் கட்டளைக்குச் சுதந்திர இந்தியா ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்பது. இதைக் கேட்டவுடன் தேசபக்தர்களின் இரத்தம் துடிக்கலாம். அமெரிக்க வெளிநாட்டு இலாகா தன் வருஷாந்தர அறிக்கையில் குழந்தைகளைத் திருப்பி அனுப்பாத தேசங்களின் ஜாபிதாவில் இந்தியாவைப் பன்முறை சேர்த்திருப்பது நமக்கும் உவப்பானதன்று. ஒரு வல்லரசின் ஜாபிதாவுக்குப் பயந்து நாம் சட்டம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஜாபிதா போட்டவர் மீதுள்ள கோபத்தால் நம் குழந்தைகளுக்கு வேண்டிய சட்டத்தைச் செய்யாமல் இருப்பதும் விவேகமன்று. உடன்படிக்கை என்பது இருதரப்புக்கும் சமமானது. சென்னையில் பிறந்து வளர்ந்த குழந்தையை அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ உள்ள தகப்பன் விடுமுறைக்கென்று அழைத்துப் போய் அங்கேயே நிறுத்திக் கொண்டால், இங்கே கதறும் தாயார் இன்று எந்தக் கதவைத் தட்டுவாள்? நாம் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால், அந்நாட்டுச் சர்க்காரே தன் செலவில் ஓர் அதிகாரியை வைத்து அவளுக்கு உதவிபுரியக் கடமைப்பட்டிருக்கும். இப்பொழுது அவள் அந்நாட்டு வக்கீலுக்குப் பணம் கட்டித் தானே போராட வேண்டும். கைகொடுத்தால்தான் கைகிடைக்கும். தனித்து நிற்பது வேறு, சுதந்திரமாக நிற்பது வேறு.

இரண்டாவது ஆக்ஷேபம் மிகவும் கனமானது. அதை அலட்சியம் செய்பவர்கள் நியாயவான்கள் ஆகமாட்டார்கள். உடன்படிக்கை எழுதப்பட்டபோது, குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஓடுகிறவன் தகப்பன் என்ற எண்ணமே பெரும்பாலோர் மனத்தில் இருந்தது. நடைமுறையிலோ நேர்மாறாக இருக்கிறது. 2015-ம் வருஷத்து மனுக்களை ஆராய்ந்ததில், குழந்தையைக் கொண்டுபோனவர்களில் நூற்றுக்கு 73 பேர் தாய்மார்கள் என்று கண்டார்கள். நம் பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். புருஷனுடைய உத்தியோகத்தை ஒட்டிய விசாவில் போகிறாள். அங்கே அவளுக்குச் சுற்றமில்லை. பல சமயங்களில் வேலை பார்க்கும் உரிமையே இல்லை. வீட்டில் அடி விழுந்தால் சொல்லிக் கொள்ள ஆளில்லை. விவாகரத்து ஆனால் அந்நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடக் கூடும். இந்த நிலையில் குழந்தையுடன் பிறந்த வீட்டுக்கு வந்தவளை, “குழந்தையைத் திருப்பி அனுப்பு” என்று உத்தரவிடுவது, “நீயும் அந்த வீட்டுக்கே திரும்பிப் போ, இல்லையேல் குழந்தையை இழந்துவிடு” என்று சொல்வதற்கே சமானமாகும். இந்த அச்சமே 2016-ல் சர்க்கார் வரைந்த மசோதா பார்லிமெண்டுக்குப் போகாமல் நின்றதற்கு முக்கிய காரணம்.

அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குப் பரிகாரம் ஒன்றும் செய்யாமல் இருப்பது அன்று. ஜப்பானில் இதே ஆக்ஷேபம் பலமாக எழுந்தது. அவர்கள் உடன்படிக்கையில் சேரும்போதே தங்கள் நாட்டுக்கென ஒரு தனிச் சட்டம் செய்து, குழந்தைக்கோ, குழந்தையின் மனம் புண்படும்படி அதன் தாய்க்கோ தகப்பனுக்கோ அடிதடி நேரும் அபாயம் உண்டா, அந்த நாட்டில் அவர்களால் குழந்தையை வளர்க்க முடியுமா என்பவற்றையெல்லாம் நீதிபதி கவனிக்க வேண்டுமென்று எழுதி வைத்தார்கள். நம் சுப்ரீம் கோர்ட்டே 2009-ல், தாயார் குழந்தையுடன் அமெரிக்கா போவதற்குரிய பிரயாணச் செலவையும் அங்கே தங்கும் வசதியையும் தகப்பனே ஏற்க வேண்டுமென்றும், அவள்மீது கிரிமினல் நடவடிக்கை தொடரலாகாதென்றும் நிபந்தனை விதித்திருக்கிறது. ஒரு நீதிபதியின் நல்ல மனத்தால் ஒரு வழக்கில் கிடைத்த இந்த நிபந்தனைகளை எல்லாத் தாய்மார்களுக்கும் சட்டப்படியான உரிமையாக்க வேண்டும். அதுவே செய்ய வேண்டிய காரியம்.

இங்கேதான் யாரும் பேசாத மற்றொரு பாதியை எடுத்துரைக்க விரும்புகிறோம். குழந்தை யாரிடம் இருப்பது என்பதைப் பற்றியே இரண்டு கட்சியினரும் வாதாடுகிறார்கள். குழந்தைக்கு யார் சோறு போடுவது என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. குழந்தையைத் திருப்பி வாங்க லண்டனில் பெரிய பாரிஸ்டரை அமர்த்தச் சக்தியுள்ள தகப்பன், அதே குழந்தைக்குப் பால் வாங்க மாதாமாதம் பணம் அனுப்புவதில்லை. மனைவியையும் குழந்தையையும் ஊரிலேயே விட்டுவிட்டு அயல்நாட்டில் மறைந்து போகிறவர்களைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாய் இங்கே மாஜிஸ்டிரேட்டிடம் ஜீவனாம்ச உத்தரவு வாங்கலாம். முன்பு கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-வது பிரிவாக மாறியிருக்கும் விதி அந்த உரிமையை அளிக்கிறது. ஆனால் டெக்ஸாஸில் சம்பளம் வாங்குகிறவனிடம் அந்த உத்தரவு என்ன செய்யும்? பீரோவில் பத்திரமாக இருக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குப் போய்விடும் புருஷர்களிடமிருந்து ஜீவனாம்சம் வசூலிக்க 1920-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதையொட்டி 1921-ல் இந்தியாவிலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மனைவி இருக்கும் ஊர்க் கோர்ட்டு சாட்சியம் வாங்கித் தற்காலிக உத்தரவு பிறப்பிக்கும். புருஷன் இருக்கும் ஊர்க் கோர்ட்டு அவனை அழைத்து விசாரித்து அதை ஊர்ஜிதம் செய்யும். அவள் கப்பலேறிப் போக வேண்டியதில்லை. அந்நிய ஆட்சியில் ஏற்பட்ட அந்த ஏற்பாடு அந்தச் சாம்ராஜ்யத்தின் எல்லையோடு நின்றது. இன்று நம்மவர்கள் அந்த எல்லைக்குள்ளேயா வாழ்கிறார்கள்? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவுப்படி, இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா முதலிய சில நாடுகளின் மேல்தரக் கோர்ட்டுகள் கொடுத்த பண டிக்ரிகளை இங்கே நேராக நிறைவேற்றலாம். 2020-ல் ஐக்கிய அரபு நாட்டையும் அந்த வரிசையில் சேர்த்தார்கள். அமெரிக்கா அதில் இல்லை. அமெரிக்கக் கோர்ட்டு உத்தரவுக்கு இங்கே புது வழக்கே போட வேண்டும்.

ஜீவனாம்சத்துக்கென்றே சர்வதேச உடன்படிக்கைகள் இருக்கின்றன. 1956-ல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் ஒன்று செய்யப்பட்டது. இலங்கையும் பாகிஸ்தானும் அதில் சேர்ந்தன, நாம் சேரவில்லை. 2007-ல் ஹேக் நகரில் மற்றொன்று உருவாகி 2013-ல் அமலுக்கு வந்தது. அமெரிக்கா 2017-ல் அதற்குக் கட்டுப்பட்டது. குழந்தைக்காக ஜீவனாம்சம் கேட்கும் தாயாருக்கு, பணம் கொடுக்க வேண்டியவன் வாழும் நாட்டிலேயே இலவச வழக்கு உதவி கிடைக்க அது வழி செய்கிறது. அவன் எங்கே இருக்கிறான், என்ன வருமானம் என்று கண்டுபிடிக்க அந்நாட்டு அதிகாரிகளே உதவ வேண்டும். அதிலும் நாம் இல்லை.

எல்லை ஒரு தடையே அன்று என்பதற்கு அமெரிக்காவின் உள்நாட்டு ஏற்பாடே சாட்சி. அங்கே ஐம்பது ராஜ்யங்கள். குடும்பச் சட்டம் ஒவ்வொன்றிலும் வேறு. ஒரு ராஜ்யத்தில் தோற்றவர் குழந்தையைத் தூக்கிக் கொண்டு அடுத்த ராஜ்யத்துக்குப் போய்ப் புது உத்தரவு வாங்கும் அவலம் ஒரு காலத்தில் அங்கும் தாண்டவமாடியது. 1968-லும், பிறகு திருத்தமாக 1997-லும் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்து, குழந்தை ஆறு மாதம் வசித்த ராஜ்யத்தின் கோர்ட்டுக்கே முதல் உரிமை என்று ஏறக்குறைய எல்லா ராஜ்யங்களும் ஒப்புக் கொண்டன. ஜீவனாம்சத்துக்கும் அவ்வாறே, எத்தனை ராஜ்யங்கள் மாறினாலும் ஒரு காலத்தில் ஓர் உத்தரவே செல்லும் என்றாக்கினார்கள். வேறு ராஜ்யத்திலுள்ள எஜமானருக்கு நேராக உத்தரவை அனுப்பிச் சம்பளத்திலேயே பிடித்துக் கொள்கிறார்கள். 2,500 டாலருக்கு மேல் குழந்தைக்குப் பாக்கி வைத்திருப்பவனுக்குப் பாஸ்போர்ட் கொடுப்பதில்லை. அந்தத் தேசத்திடம் நாம் கற்க வேண்டாதவை பல இருக்கலாம். இது கற்க வேண்டியது.

நம் தேசத்துக்குள்ளே சட்டம் ஒன்றாயிருந்தும் துன்பம் இல்லாமல் இல்லை. 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி, மைனர் ‘சாதாரணமாக வசிக்கும்’ ஜில்லாவில் வழக்குப் போட வேண்டும். சென்னையிலிருந்து டில்லிக்குக் கொண்டு போகப்பட்ட குழந்தை எங்கே சாதாரணமாக வசிக்கிறது என்று வாதாடுவதிலேயே மாதங்கள் கழிகின்றன. வழக்கை மாற்றித் தரும்படி சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுப் போடுவதில் மேலும் மாதங்கள் கழிகின்றன. ஆறு மாத வாசம் என்பது போன்ற தெளிவான விதி ஒன்று இங்கும் இருந்தால் இவ்விவாதத்திற்கே இடமிராது.

ஆகவே நமது யோசனை இது. 1980-ம் வருஷத்து உடன்படிக்கையில் மட்டும் சேருவது, பணமும் வக்கீலும் உள்ளவர் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுப்பதாகும். எதிலும் சேராமல் இருப்பதோ, குழந்தையை முதலில் தூக்கியவருக்கே பரிசளிப்பதாகும். குழந்தையைத் திருப்பும் உடன்படிக்கையிலும் ஜீவனாம்ச உடன்படிக்கையிலும் இந்தியா ஒரே நாளில் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன்பே நமக்குரிய சட்டத்தைப் பார்லிமெண்டு செய்துவிட வேண்டும். குழந்தையைத் திருப்பிக் கேட்கிறவர் அதன் பராமரிப்புப் பாக்கியை முதலில் கோர்ட்டில் கட்ட வேண்டும். தாயாரும் உடன் போவதாயிருந்தால் பிரயாணச் செலவு, தனி ஜாகை, அங்கே வழக்கு நடத்தும் செலவு, விசா ஆகியவற்றுக்கு அந்நாட்டுக் கோர்ட்டிலேயே உறுதி கொடுக்க வேண்டும். வீட்டில் வன்முறை நடந்ததற்கு ருஜு இருந்தால் திருப்பி அனுப்பலாகாது. இவை சட்டத்தின் எழுத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஹைக்கோர்ட்டிலும் இவ்வழக்குகளுக்கென்றே நீதிபதிகளைக் குறித்து, ஆறு வாரங்களில் முடிவு சொல்லச் செய்ய வேண்டும். வழக்கு நடக்கும் காலம் முழுதும், தூரத்திலுள்ள தாயோ தகப்பனோ குழந்தையுடன் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு இருக்க வேண்டும்.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தமிழரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தலைமையில் சட்டக் கமிஷன் 2009-லேயே உடன்படிக்கையில் சேரும்படி சிபாரிசு செய்தது. 2016-ல் மறுபடியும் சட்டக் கமிஷன் மசோதா ஒன்றைத் திருத்திக் கொடுத்தது. நீதிபதி ராஜேஷ் பிண்டல் கமிட்டி 2018-ல் இத்தகராறுகளைத் தீர்க்கத் தனி அதிகார சபை வேண்டுமென்றது. 2024-ல் சட்டக் கமிஷன் அயல்நாட்டு இந்தியர்களின் விவாகம், ஜீவனாம்சம், குழந்தைகளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஒரே முழுமையான சட்டம் வேண்டுமென்றது. அறிக்கைகள் அலமாரியில் வளர்கின்றன; 2009-ல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று மீசை முளைத்த வாலிபர்களாகி விட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் பிரதிநிதிகளை நாம் கேட்டுக் கொள்கிறோம்: உங்கள் தொகுதியில் அயல்நாட்டில் பெண்ணையோ பிள்ளையையோ வைத்திராத ஊர் எத்தனை? இந்த மசோதா என்னவாயிற்று என்று சபையில் ஒரு கேள்வி போடுங்கள். பதில் வரும் வரை விடாமல் கேளுங்கள். பொது ஊழியர்களும் வக்கீல் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும். ஓட்டில்லாதவர்களுக்காகப் பேச ஓட்டுள்ளவர்கள் முன்வர வேண்டும். குழந்தைகள் ஊர்வலம் வரமாட்டார்கள், மகஜர் எழுதமாட்டார்கள், வயதாகிவிடும், அவ்வளவுதான்.